ஸ்பிரிங்ஷார்ப்: மூன்று வருடம், ஒரே கப்பல்

ஸ்பிரிங்ஷார்ப் என்ற மென்பொருளை இறக்கியபோது ஒரு சனி, ஞாயிறோடு முடிந்துவிடும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மூன்று வருடம் ஆகிறது. கோப்புறையில் 31 கோப்புகள் கிடக்கின்றன, எல்லாம் ஒரே கப்பல், அதுவும் எங்கேயும் கட்டப்படாத கப்பல். வீட்டில் இதைப் பற்றி விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: இது பழைய காலப் போர்க்கப்பல்களைக் கற்பனையாக வடிவமைக்க உதவும் இலவச மென்பொருள். கட்டத் தொடங்கும் ஆண்டு, நீளம், அகலம், நீருக்குள் இறங்கும் ஆழம், பீரங்கி, கவசம், வேகம், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், உங்கள் கப்பல் தாங்குமா, கவிழுமா, கடலில் எப்படி ஆடும், எத்தனை பேர் தேவை, என்ன செலவு என்று ஒரு அறிக்கை தரும். படமெல்லாம் வரையாது. முழுக்க எண்கள்தான், ஆனால் அந்த எண்களில் பொழுது போவதே தெரியாது.

என் கப்பலின் பெயர் கொட்டியார். திருகோணமலைக்குப் பக்கத்துக் குடாவின் பெயர். பிரிட்டிஷ் கடற்படை அப்படிப் பெயர் வைத்திருக்காது என்று தெரியும், பரவாயில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பிரிட்டனின் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் திருகோணமலைதான் தளம். பாரசீக வளைகுடா, செங்கடல், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை என்று அதன் பரப்பு பெரிது, கப்பல்களோ சொற்பம். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் ஜெர்மனியின் ஒற்றைக் குரூசர் (வேகமாக நெடுந்தூரம் ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்). அதைத் தேடிக் கடல் முழுக்க அலைந்தார்கள். கடைசியில் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர்தான் பிடித்தது. (கறாரான ஆளை இன்னும் 'எம்டன்' என்கிறோமே, அதே எம்டன்.) ஆக அந்தப் பகுதிக்கு ஒரு அட்மிரலையும் அவருடைய ஆட்களையும் சுமந்துகொண்டு, தேவைப்பட்டால் தானே சண்டையும் போடக்கூடிய தலைமைக் குரூசர். யோசனை அவ்வளவுதான்.

முதல் பதிப்பில் பேராசை. 8 அங்குலப் பீரங்கி எட்டு, 32 நாட் (கடல் மைல்) வேகம், நல்ல கவசம், எல்லாம் 10,000 டன்னுக்குள். 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் குரூசருக்கு வைத்த உச்சவரம்பு அது. பீரங்கி 8 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த 10,000 டன் கணக்கில் எரிபொருளும் கொதிகலனுக்கான கூடுதல் நீரும் சேராது என்பது முக்கியம். அப்படியானால் எரிபொருளை இஷ்டத்துக்கு ஏற்றலாமே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஸ்பிரிங்ஷார்ப் அங்கேதான் பாடம் எடுத்தது. நீங்கள் கொடுக்கும் நீள அகல ஆழத்தை வைத்துக் கப்பல் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்று அது முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது, அதற்குள் எரிபொருளைக் கூட்டினால் உடம்புக்கான இரும்புதான் குறையும். உடம்பு தாங்குமா என்று காட்டும் வலிமை எண், குறைந்தபட்சம் வேண்டிய 1.00க்குக் கீழே இறங்கியது. ஒப்பந்தத்தை ஏமாற்றலாம், கடலை ஏமாற்ற முடியாது.

இன்னொரு குறுக்குவழியையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் இதைச் செய்கிறோம். கட்டத் தொடங்கும் ஆண்டை இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போட்டால் இயந்திரங்கள் லேசாகிவிடும், வலிமை எண் தானாக ஏறிவிடும். 1928ல் தொடங்கிய கொட்டியார் இப்படியே நகர்ந்து 1934 வரை போய்விட்டது, அப்புறம் வெட்கப்பட்டு 1929க்குத் திரும்பினேன். பிரிட்டன் திட்டமிட்டிருந்த சர்ரே, நார்தம்பர்லாந்து என்ற இரண்டு 8 அங்குலக் குரூசர்கள் 1930ல் ரத்தாயின. அதில் ஒன்றின் இடத்தை என் கப்பலுக்கு எடுத்துக்கொண்டேன்.

சரி, உண்மையான தவறுக்கு வருகிறேன். மென்பொருளின் குற்றமில்லை, என்னுடையதுதான். 'இதர எடை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம் சுழியம்தான் போட்டு வைத்திருந்தேன். தலைமைக் கப்பல் என்று பெயர், ஆனால் அட்மிரலுக்கு ஒரு நாற்காலிகூட எடைக்கணக்கில் இல்லை! அறிக்கையோ தங்க இடம் தாராளம் என்று பாராட்டிக்கொண்டிருந்தது, நானும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் கட்டத்தாளை எடுத்து மேல்தளத்தைப் பென்சிலால் வரைந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்தக் கப்பல் என்ன என்றே புரிந்தது. அட்மிரல் தனியாக வருவதில்லை. தலைமை அதிகாரி, செயலாளர், அவருக்குக் கீழே எழுத்தர்கள், கொடி லெப்டினன்ட் (அட்மிரலின் நேரடி உதவியாளர்), சைகைக்காரர்கள், சங்கேதம் பிரிப்பவர்கள், வயர்லெஸ்காரர்கள், சமையல்காரர், அப்புறம் பேண்டு வாத்தியக் கோஷ்டி. கோஷ்டி என்றதும் சிரித்து அதை நீக்கினேன், பிறகு படித்துத் தெரிந்துகொண்டு திரும்பச் சேர்த்தேன்: பிரிட்டிஷ் தலைமைக் கப்பல்களில் மரீன் (கடற்படைச் சிப்பாய்ப் பிரிவு) பேண்டுக்காரர்கள் சண்டை நேரத்தில் கப்பலின் அடிவயிற்றில் உட்கார்ந்து பீரங்கிக் குறியைக் கணக்கிடும் மேசையை இயக்கினார்கள். காலையில் கிளாரினெட், மதியம் கணக்கு. மொத்தம் எழுபது பேர் கூடுதல் என்று நானாக ஒரு உத்தேசம் வைத்தேன், வயர்லெஸ் சாமான்களோடு 150 டன்.

150 டன் அந்த அளவு கப்பலில் பெரிதில்லை, பிரச்சினை இடம்தான். வயர்லெஸ் அனுப்பும் அறையும் கேட்கும் அறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் இரைச்சல் மற்றதைக் கெடுக்கும், தள்ளி வைக்க வேண்டும். ஆன்டெனாக் கம்பி நீளமாக ஓடக் கொடிமரங்கள் விலகி நிற்க வேண்டும். அட்மிரலின் வீடு மரபுப்படி பின்பக்கம், வேலை முன்பக்கம், ஆகவே பாலத்துக்கு (கப்பலை நடத்தும் உயர்மேடை) அருகே இன்னொரு சின்ன அறை. கப்பல் கேப்டனின் பாலம் வேறு, அட்மிரலின் பாலம் வேறு. இதெல்லாம் உயரத்தில் ஏற ஏற நிலைத்தன்மை குறைகிறது. எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பிரித்துப் போட மென்பொருளின் புதிய பதிப்பில் வசதி இருக்கிறது, எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம் அதுதான். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அது பென்சில் வேலை.

நிஜக் கப்பல்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், அமெரிக்கர்கள் சிகாகோ, ஹூஸ்டன், அகஸ்டா என்ற குரூசர்கள் மூன்றிலும் முன்பக்க உயர்தளத்தைப் பின்னோக்கி நீட்டி, கூடுதல் அறைகளுக்கு இடம் பிடித்தார்கள். நானும் அதையே செய்தேன், 14ஆம் பதிப்பிலிருந்து நீண்ட தளம்தான். என்னை அதிகம் ஈர்த்தது ஜப்பானின் ஓயோடோ குரூசர். 1943ல்தான் கடற்படையில் சேர்ந்தது, அதனால் என் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தியது. நீர்மூழ்கிகளுக்குத் தலைமை தாங்கக் கட்டியது, 155 மில்லிமீட்டர் பீரங்கி ஆறும் முன்பக்கமே, பின்பாதி விமானங்களுக்கு, அதற்கென்று பெரிய கொட்டகை. நினைத்த விமானங்கள் சரிப்பட்டு வரவில்லை. 1944ல் அந்தக் கொட்டகையைத் தடுத்துத் தளபதி அலுவலகமாக்கி, அட்மிரல் டொயோடா மொத்தக் கடற்படைக்கும் அதிலிருந்து தலைமை வகித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கரையேறி யோகோஹாமாவின் ஹியோஷிக்குப் போய்விட்டார். கடலில் இருக்கும் தளபதி வயர்லெஸில் பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும், பேசாவிட்டால் எதற்குத் தளபதி? இதைப் படித்தபிறகு கொட்டியார் மேல் ஒரு வாரம் கைவைக்கவே மனம் வரவில்லை. ஒரு பிராந்தியப் பிரிவுக்கு, 1930களில், அட்மிரல் ஊர் ஊராகப் போய்க் கொடி காட்ட வேண்டிய காலத்தில், கப்பலில் இருப்பதற்கு நியாயம் உண்டு என்று சொல்லிக்கொண்டு திரும்ப வந்தேன்.

இப்போதைய கொட்டியார்: 175 மீட்டர் நீளம், 17.8 அகலம், 8 அங்குலப் பீரங்கி ஆறு, 31 நாட். ஏறக்குறைய பிரிட்டனின் யார்க், எக்ஸிடர் குரூசர்கள் மாதிரிதான், ஒரே ஒரு வேறுபாடு, பின்பக்கத்தில் முழு வசதியோடு இரண்டாவது கட்டளை இடம். 1939 டிசம்பர் 13 பிளேட் நதிச் சண்டையில் எக்ஸிடரின் பாலம் சிதறியபின் கேப்டன் பெல் பின்பக்கம் போய், படகுத் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கப்பலை நடத்தினார். 1929ல் வரைபவனுக்கு இது தெரிந்திருக்காதே என்று கேட்டால் பதில் இல்லை. கள்ளாட்டம்தான்.

யாருக்கு உதவும்? எண்களைத் திருத்தித் திருத்திப் பார்ப்பதில் சலிப்பில்லாதவர்களுக்கு. அழகான படம் வேண்டுபவர்கள் வேறு ஏதாவது பாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு நிஜக் கப்பலின் அளவுகளைப் போட்டு அறிக்கை எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பாருங்கள். நான் யார்க்கை வைத்துச் செய்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயரில் சேமியுங்கள், 9ஆம் பதிப்பை நானே மேலெழுதி அழித்தேன். இதர எடைக் கட்டத்தை முதல் நாளே நிரப்புங்கள்.

32ஆம் பதிப்பில் கேட்கும் அறையைப் புகைபோக்கிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்த வேண்டும். இந்தியப் பெருங்கடல் வெயிலில் அங்கே ஒருவன் காதில் ஹெட்ஃபோனோடு நான்கு மணி நேரம் உட்கார முடியாது. நகர்த்தினால் அட்மிரலின் செயலாளருக்கு மேசை போட இடமில்லை.