மூன்று பேஸ் வீட்டில் பவர்லைன் அடாப்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களும் கொண்ட எங்கள் மதுரை வீட்டில், கீழ்த்தள ரவுட்டரின் வைஃபை மாடி அறையை எட்டும்போது பெயரளவுக்கே மிஞ்சியிருக்கும். சுவரை உடைத்து லேன் கேபிள் இழுக்க மனம் வராததால், மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்றை வாங்கினோம். ஹோம்பிளக் ஏவி2 தரத்தைச் சேர்ந்த, அட்டைப்பெட்டியில் 1200 மெகாபிட் என்று அச்சிட்ட வகை. சில ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்தியபின் நான் சொல்லக்கூடியது இதுதான்: இணைப்பில் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அடாப்டருக்குள் இல்லை, வீட்டு வயரிங்கில் இருந்தன.

அந்த 1200 என்ற எண்ணை விலைப்பட்டியலின் அலங்காரமாக எடுத்துக்கொள்வது நல்லது. அது கம்பியில் ஓடும் சமிக்ஞையின் கோட்பாட்டளவிலான உச்சம். இரண்டு திசைகளும் ஒரே கம்பியை மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்வதாலும், பிழைதிருத்தத்துக்கே ஒரு பங்கு போய்விடுவதாலும், கைக்கு வருவது அதில் சிறு பகுதிதான். எங்கள் வீட்டில் நிலைமை நன்றாக இருக்கும்போது நொடிக்கு 180 மெகாபிட் அளவில் கிடைக்கிறது. இணைய வேகச் சோதனைத் தளங்களை வைத்து இதை அளந்தால், குறை இணையச் சேவையிலா அடாப்டரிலா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே, வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினிகளுக்கு இடையில் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டி அளப்பதே என் வழக்கம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது மூன்று பேஸ் (மும்முனை) இணைப்பு. சில நாட்களில் மாடியில் இணையம் ஒழுங்காக ஓடும். வேறு சில நாட்களில் வேகம் 20 மெகாபிட்டுக்குக் கீழே விழும், அல்லது இரண்டு அடாப்டர்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே செய்யாது. இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்த பிளக் பாயிண்டுகளில் செருகிப் பார்த்தபோது வேகம் முழுமையாக வந்ததால், கருவிகள் நலமாக இருப்பது உறுதியாயிற்று. காரணம் டிபி பாக்ஸுக்கு (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) அருகில் இருந்த பேஸ் செலக்டர் சுவிட்சில் இருந்தது. ஒரு பேஸில் மின்னழுத்தம் குறைந்தால், மாடியின் சுமையை வேறு பேஸுக்குத் திருப்பிவிடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். கீழ்த்தளமும் மாடியும் ஒரே பேஸில் இருக்கும்வரை சமிக்ஞை நேரான பாதையில் போகிறது. வெவ்வேறு பேஸுக்குப் பிரிந்துவிட்டால், டிபி பாக்ஸுக்குள் கம்பிகள் அருகருகே ஓடும் இடத்தில் கசிந்து தாவுவதை மட்டுமே அது நம்பியிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து, ரவுட்டர் இருக்கும் பாயிண்டையும் மாடி அறையின் பாயிண்டையும் நிரந்தரமாக ஒரே பேஸில் சேர்த்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது. இந்த வேலையைத் தாமாகச் செய்ய யாரும் முனைய வேண்டாம். பேஸ்களுக்கு இடையே இருப்பது 400 வோல்ட்.

அடுத்தது இன்வெர்ட்டர். மின்சாரம் இருக்கும்போது இன்வெர்ட்டர் தன் ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) வழியாக அதை அப்படியே வெளியே விடுகிறது என்றாலும், அதற்குள் இருக்கும் மின் இரைச்சல் வடிகட்டி அடாப்டரின் உயர் அதிர்வெண் சமிக்ஞையையும் சேர்த்தே விழுங்கக்கூடும். மின்வெட்டு வந்ததும் ரிலே பிரிந்துவிடுவதால், ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தால் இணைப்பு அறுந்துபோகும். நேர் லைனில் இருப்பதற்கு அப்போது மின்சாரமே கிடையாது என்பது வேறு விஷயம். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கே மாற்றியதும் மின்வெட்டு நேரத்திலும் மாடியில் இணையம் நிற்பதில்லை. இதே வடிகட்டிச் சிக்கல் ஸ்பைக் பஸ்டரிலும் உண்டு; அடாப்டரை எப்போதும் சுவர் பாயிண்டில் நேரடியாகச் செருக வேண்டும்.

கோடை தொடங்கியதும் மாலை வேளைகளில் வேகம் தளர்ந்தது. இப்படிப்பட்ட நிலையில் அடாப்டரின் மென்பொருள் காட்டும் இணைப்பு வேகத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, டிபி பாக்ஸில் உள்ள எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இன்வெர்ட்டர் ஏசி ஓரளவு இரைச்சலைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளி, மாடி அடாப்டருக்குப் பக்கத்துப் பாயிண்டில் கிடந்த ஒரு மலிவான மொபைல் சார்ஜர். இரைச்சல் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது அடாப்டருக்கு எவ்வளவு அருகில் எழுகிறது என்பதே முக்கியம்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். ஏவி2 வகையில் மிமோ முறை (ஒரே நேரத்தில் பல வழிகளில் சமிக்ஞை அனுப்புவது) உள்ள கருவிகள் பேஸ், நியூட்ரல் ஆகியவற்றோடு எர்த் கம்பியையும் சமிக்ஞைக்குப் பயன்படுத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் ஐரோப்பிய பிளக் கொண்ட அடாப்டரை நம் சாக்கெட்டில் செருகினால் எர்த் தொடுவதில்லை. கருவி வேலை செய்யும், வேகம் மட்டும் குறையும்.

மற்றவை சிறியவை. லேன் போர்ட்டில் எதுவும் இயங்காதபோது அடாப்டர் உறக்க நிலைக்குப் போய், சில சமயம் விழிக்க மறுக்கிறது. மென்பொருளில் அந்த வசதியை அணைத்துவிட்டேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் பேர் (Pair) பட்டனை அழுத்திப் புதிய மறையாக்கச் சாவியை உருவாக்கிக்கொள்வது அவசியம், ஏனெனில் மின் மீட்டர் இந்தச் சமிக்ஞையை முழுதாகத் தடுப்பதில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்கும் அது போகலாம். கூடுதலாக ஒரு அடாப்டர் வாங்குவோர் ஹோம்பிளக் வகையும், ஜி.எச்.என் என்ற வேறொரு தரத்தின் வகையும் ஒன்றோடொன்று பேசாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று பேஸ் வீட்டுக்காரர்கள் இரு அறைகளும் எந்தப் பேஸில் இருக்கின்றன என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்ட பிறகு வாங்கலாம். புதிதாக வீடு கட்டுவோருக்கு இது தேவையே இல்லை. பூச்சு வேலைக்கு முன்பே மின்கம்பிக் குழாயிலிருந்து தனியாக ஒரு குழாய் பதித்து, கேட்6 கேபிளை இழுத்துவிடலாம்.