மளிகைப் பெட்டி என்று சொல்லி 14,800 ரூபாயை அடித்துவிட்டார்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை முழுசாகப் படியுங்கள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

என் தம்பி அங்கே மேற்படிப்புக்குப் போயிருக்கிறான். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத கணக்கில், 11,904 யூரோ கட்டினோம், எல்லாம் கடன். அந்தப் பணமும் மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும், அதுவும் அங்கே போய்ச் சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்த பிறகு. அதுவரை கையில் கொண்டுபோன காசுதான். அரிசி, பருப்புக்கு என்ன செய்வான் என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

வெளிநாடு போகிற மாணவர்களுக்கான குழு ஒன்றில் ஒருவன் விளம்பரம் போட்டிருந்தான். 'முதல் மாத மளிகைப் பெட்டி'. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், சாம்பார் பொடி, குக்கர் எல்லாம் அங்கேயே குடோனில் இருக்கிறதாம், இறங்குகிற அன்றைக்கே அறை வாசலில் வைப்பானாம். பணத்தை இங்கே ரூபாயில் கட்டினால் போதுமாம். 14,800.

போனில் பேசினோம். "நானும் பாளையங்கோட்டைதான்க்கா, முருகன்குறிச்சி பக்கம்தான் வீடு. அம்மாவ ஒண்ணுக்கும் கவலைப்படாதீயன்னு சொல்லுங்க. தம்பி எனக்கும் தம்பிதான்" என்றான். நம்ம ஊர்ப் பேச்சு அச்சு அசலாக. அம்மா போனை வாங்கி, பெருங்காயம் மறக்காமல் வை ஐயா என்று சொன்னாள். சரிம்மா, வச்சிருதேன் என்றான். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. அட்டைப் பெட்டி, பழுப்பு டேப், மேலே கறுப்பு மார்க்கரில் தம்பி பெயர். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

தம்பி போய் இறங்கியது சனிக்கிழமை ராத்திரி. பெட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடிக் கிடக்கும். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்று பச்சைத் தண்ணீர் குடித்துப் படுத்திருந்தான் பிள்ளை.

போன் போட்டால் 'டிரைவர் லீவு' என்றான். அப்புறம் 'கஸ்டம்ஸ்ல நிக்கிக்கா' என்றான். அங்கேயே குடோனில் இருக்கிற சாமான் எப்படி கஸ்டம்ஸில் நிற்கும்? கேட்டதும் குரல் மாறியது. 'பெட்டி ரிட்டர்ன் ஆயிட்டு, திரும்ப அனுப்ப 3,200 கட்டுங்க' என்றான். முடியாது என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டான். குழு அட்மினிடம் சொன்னால், 'நாங்க விளம்பரத்துக்குப் பொறுப்பில்ல' என்று என்னையே குழுவிலிருந்து நீக்கினார்கள். தென்காசியிலிருந்து ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் அதே பெட்டி, அதே டேப் கிழிசல், மேலே அவர் மகள் பெயர்.

14,800 ரூபாய்! தம்பி இப்போது அங்குள்ள மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டில்தான் வாங்குகிறான். விலைச்சீட்டில் கிலோவுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, அதைப் பார்த்து எடுக்கிறான். மைசூர்ப் பருப்பு துருக்கிக்காரர் கடையில் கிடைக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பாட்டிலைக் காலியானதும் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது பிடித்த 25 சென்ட் டெபாசிட்டைத் தருகிறார்கள். இதெல்லாம் சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால் இந்தப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

சொல்ல வேண்டியது இதுதான். சாமான் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டு நம்பாதீர்கள். சனி, ஞாயிறில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டால் இரண்டு நாள் சாப்பாட்டைக் கையோடு கொடுத்துவிடுங்கள். ஆனால் நெய், பால்பொடி, கறி வைக்காதீர்கள், அங்கே பிடுங்கிவிடுவார்கள். ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவான்.

நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தப் பெட்டிப் படம் வேறு யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.