விறகு பொளக்க எது சரி: கோடாலியா, கைப்பம்ப்பா, கரண்ட் மெஷினா?

மொதல்லயே சொல்லிடுறேன், நம்ம சிங்கப்பூர்ல எச்டிபி அடுக்குமாடில இருக்கவங்களுக்கு இது வேலைக்கு ஆகாது, சும்மா படிச்சு சிரிச்சுட்டு போங்க. நானும் ஈசூன்ல பதினோராவது மாடிதான். விறகு கதையெல்லாம் மச்சான் வீட்டுல, செம்பவாங் பக்கம் தரை வீடு, கோவிட் நேரத்துல அடைஞ்சு கெடந்தப்போ பின்பக்கம் செங்கல்ல ஒரு பீட்ஸா அடுப்பு கட்டினான், அப்புறம் பக்கத்துலயே பிரியாணி சட்டி வைக்க ஒரு கல்லடுப்பு, இப்போ மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம குடும்பமே அங்கதான். மூட்டை விறகு வாங்கிக் கட்டுப்படியாகல. மரம் வெட்டுற வேலை எடுக்குற தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு நாள் லோரில கட்டையா கொண்டு வந்து எறக்கிட்டுப் போனாரு. ஓசின்னு மச்சான் குதிச்சான். வெனை அங்கதான் ஆரம்பம்.

யூடியூப்ல பாத்திருப்பீங்களே, தாடிக்காரர் ஒருத்தர் கோடாலிய லேசா போடுவாரு, கட்டை ரெண்டா தெறிச்சு விழும். அங்க பொளக்குறது பைன், பர்ச், ஆஷ் மாதிரி நேர் நாரு ஓடுற மரம். நம்மகிட்ட வந்து எறங்கினது முக்காவாசி தூங்குமூஞ்சி, அதாங்க ரெய்ன் ட்ரீ, 1876ல கொண்டு வந்து ரோடு ரோடா நட்டு வச்சிருக்காங்களே அதே மரம். நெழலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல, பொளக்க உக்காந்தா தெரியும் சங்கதி. ஒரு அடுக்கு நாரு ஒரு பக்கம் சாஞ்சா அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கும். அதனால தள்ளுற பலம் அஞ்சு டன்னா ஏழு டன்னான்னு மெஷின் அட்டையைப் பாக்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு என்ன மரம் வரப்போகுதுன்னு பாருங்க. மூணு மாசமா கையில காச்சுப் போய் நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

மொதல்ல எடுத்தது வீட்டுல கெடந்த சாதா கோடாலி. அது நாரைக் குறுக்க வெட்டுறதுக்கு, வாய் மெலிசா இருக்கும், பொளக்குறதுக்கு இல்ல. தூங்குமூஞ்சில போட்டேன், பச்சுனு எறங்கி அப்படியே மாட்டிக்கிச்சு, கட்டை மேல ஒரு கால வச்சு ஆட்டி ஆட்டி உருவுறதுக்குள்ள சட்டை முழுக்க வேர்வை. நாலு அடி, நாலு தடவ உருவல், ஒரு சிராய் கூட விழல. இதுக்குன்னே செஞ்ச கோடாலி வேற, தலை ரெண்டு பக்கமும் பொடச்சு இருக்கும், நாரை வெட்டாம நெம்பி வெலக்கும். மச்சான் ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்27 வாங்கினான், ஃபின்லாந்து கம்பெனி, 1649லேர்ந்து இருக்காங்க, புடி 36 இஞ்சு நீளம். லோரில பத்துப் பன்னெண்டு அக்கேசியா கட்டையும் இருந்துச்சு, அதுல போட்டா ஒரே அடி, டக்குனு ரெண்டு. மச்சானுக்கு தாடி மட்டும்தான் கொறச்சல். அதே கோடாலி தூங்குமூஞ்சில மாட்டிக்கல, அது உண்மை, ஆனா பொளக்கவும் இல்ல, டொய்ங்னு எகிறி வந்துச்சு.

அடுத்தது ஸ்ப்ளிட்டிங் மால். ஒரு பக்கம் சம்மட்டி, மறு பக்கம் தடிச்ச ஆப்பு, எட்டு பவுண்டு, அதாவது மூணரைக் கிலோவுக்கு மேல. கூட ரெண்டு இரும்பு ஆப்பு. மாமா நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்ல வளந்தவரு, சின்ன வயசுல ரப்பர் விறகு பொளந்த ஆளு, கோப்பிய ஆத்திக்கிட்டே ஒரு மணி நேரம் எங்க கூத்தைப் பாத்துட்டு கடைசில, "நடுவுல அடிக்காதீங்க மாப்ளே, வெளி ஓரத்துலேர்ந்து தோலு உரிக்கிற மாதிரி எடுங்க, கட்டையே வெடிப்பு காட்டுது பாருங்க, அந்தக் கோட்டுலயே போடுங்க"ன்னாரு. அப்படி செஞ்சப்புறம்தான் தூங்குமூஞ்சி கொஞ்சம் மசிஞ்சுது, பலகை பலகையா ஓரம் கழண்டுச்சு. காசு கம்மி, ரிப்பேர் கெடையாது, வாங்கினா பேரன் காலம் வரைக்கும் ஓடும். ஆனா நம்ம ஊரு வெயில்ல அரை மணி நேரத்துக்கு மேல என்னால முடியல, மறுநாள் எம்ஆர்டி ரயில்ல மேல கம்பியப் புடிக்க கை தூக்க வரல. கட்டை செதறாம இருக்க பழைய டயருக்குள்ள நிக்க வச்சு அடிக்கச் சொல்லுவாங்க, நல்ல ஐடியாதான், ஆனா இங்க டயர்ல மழைத்தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசு குடித்தனம் வந்துரும், அடியில ஓட்டை போட்டுட்டு வைங்க, வேலை முடிஞ்சதும் உள்ள எடுத்து வச்சுருங்க.

கையால பம்ப் அடிக்கிற ஹைட்ராலிக், 10 டன், காருக்கு ஜாக் போடுற அதே தத்துவம். சத்தமே இல்ல, கரண்டு வேணாம், முதுகுக்கும் நோவு இல்ல. ஆனா எத்தன அடி, அடேங்கப்பா, ஒரு கட்டை பொளக்குறதுக்குள்ள ஒரு பாட்டு பாடி முடிச்சிறலாம். ஒரு சனிக்கெழம எரவல் வாங்கி வச்சிருந்தோம், மூணாவது கட்டையில மச்சான் போன நோண்ட ஆரம்பிச்சுட்டான். வருஷத்துக்கு ஒரு கூடை விறகு போதும்னா சரி.

ட்ரில்லுல மாட்டுற கூம்பு திருகு ஆன்லைன்ல மலிவா கெடைக்குது, வேணாங்க. முறுக்கு நாருல அது சிக்கிச்சுன்னா கட்டை நிக்கும், ட்ரில்லு சுத்தும், உங்க மணிக்கட்டும் கூடவே சுத்தும். பெட்ரோல் மெஷினும் பாத்தோம், இருபது டன்னுக்கு மேல தள்ளும், எந்த மரமும் அதுகிட்ட வாலாட்டாது, ஆனா அதை வைக்கிற எடத்துல ஒரு காரு நிறுத்தலாம், ஞாயித்துக்கெழம காலைல அதை ஸ்டார்ட் பண்ணினா பக்கத்து வீட்டு ஆண்ட்டி சும்மா விடுவாங்களா?

கடைசியா வாங்கினது எலக்ட்ரிக், படுக்க வச்ச மாதிரி, ஏழு டன், ரெண்டு கிலோவாட் சொச்சம். நம்ம 13 ஆம்ப் ப்ளக் கிட்டத்தட்ட மூணு கிலோவாட் தாங்கும், அதனால தனி வயரிங் வேணாம், ஆனா எக்ஸ்டென்ஷன் தடிச்ச வயரா, குட்டையா இருக்கணும், ரீல்ல சுத்தி வச்சபடியே ஓட்டாதீங்க, சூடேறும். ஒரு கையில லீவர், இன்னொரு கையில பட்டன், ரெண்டையும் புடிச்சாத்தான் தள்ளும், கைய நடுவுல வச்சுறக் கூடாதுன்னு அப்படி. மெதுவாத்தான் போகும், கட்டை மொனகும், சட்டுனு படார்னு ஒரு சத்தம். தூங்குமூஞ்சில முழுசா பிரியாது, கடைசில நாலஞ்சு நாரு சணல் கயிறு மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்கும், அதைச் சின்னக் கோடாலியால அறுத்து விடணும். அளவும் இருக்கு, 52 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் குறுக்களவு, அதுக்கு மேல போனா செயின்சாவால மொதல்ல பாதியாக்கணும். எங்களுக்கு வந்த கட்டையில பாதி அதைவிடப் பெருசு, இதை வாங்குறதுக்கு முன்னாடி டேப்பு வச்சு அளந்திருக்கணும், அளக்கல.

இன்னொண்ணு, என் தப்புதான். எண்ணெய் டேங்க்ல காத்து வெளிய போக ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ஓட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சுத்து தளத்தணும், முடிஞ்சு நகத்துறப்போ இறுக்கணும். தளத்தாம ஓட்டினேன், உள்ள காத்து அமுங்கி சீலு போய் டைல்ஸ் எல்லாம் எண்ணெய். துணி சோப்பு வச்சு நான்தான் தொடச்சேன், அக்கா ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு.

பொளந்த கட்டைய அடுப்புக்கு ஏத்த மாதிரி சன்னமாக்க ஒரு சாமான் இருக்கு, கிண்ட்லிங் க்ராக்கர், நியூசிலாந்துல அய்லா ஹட்சின்சன்னு ஒரு ஸ்கூல் பொண்ணு கண்டுபுடிச்சது. இரும்பு வளையத்துக்குள்ள கத்தி மேல பாத்து நிக்கும், கட்டைய அது மேல வச்சு சுத்தியலால தட்டினா போதும், கோடாலி வீசவே வேணாம். அத்தையே பண்ணுறாங்க, பிரியாணிக்கு சுள்ளி அவங்க டிபார்ட்மென்ட். வளையம் 16 சென்டிமீட்டர் சொச்சம்தான், பெரிய கட்டைக்கு ஆகாது.

என் கணக்கு இப்படி. அக்கேசியா, சவுக்கு, ரம்புத்தான் கெளைன்னு மெலிசா வந்தா நல்ல கோடாலியும் க்ராக்கரும் போதும், மெஷின் காசு மிச்சம். தூங்குமூஞ்சி அடிக்கடி வரும், முதுகும் சரியில்லன்னா எலக்ட்ரிக், ஆனா கட்டைய சின்னதா அறுத்துக் குடுக்க ஆளு வேணும். நடுவுல நிக்குறவங்க மால், ரெண்டு ஆப்பு. எதுல பொளந்தாலும் உடனே எரிக்காதீங்க, ஈரம் இருபது சதவீதத்துக்கு கீழ எறங்கணும், இல்லன்னா பொகைதான். நம்ம காத்துலயே ஈரம் சராசரி எண்பதுக்கு மேல, மழ படாம, காத்தோட்டமா, தரையில படாம அடுக்குங்க, தரையில வச்சா செல்லு அரிச்சிரும்.

பெரிய தூங்குமூஞ்சி அடிக்கட்டை மூணு இன்னும் அப்படியே கெடக்கு. ஒண்ணுல மாமா உக்காந்து கோப்பி குடிக்கிறாரு, ஒண்ணு மேல அத்தை கருவேப்பில தொட்டி வச்சுட்டாங்க. மூணாவதுக்கு மச்சான் அந்தப் பெட்ரோல் மெஷின வாடகைக்கு எடுக்கலாமான்னு நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருக்கான், நான் இன்னும் பதில் போடல.