ஃப்ரேம் பிரமாதம், படம்தான் வம்பு

கோவை காந்திபுரத்தில் பழைய ஓவியங்களைப் பிரிண்ட் போட்டு ஃப்ரேம் செய்து தரும் கடை இது. பேர் வேண்டாம், வேலை தெரிந்த மனுசர்கள், பிழைப்பைக் கெடுக்க மனசில்லை. தேக்குச் சட்டம், மூலையில் விரல் வைத்துத் தடவினாலும் ஒட்டு தட்டாது, பின்பக்கம் பூச்சி புகாதபடி டேப் ஒட்டி, கனத்துக்கு ஏற்ற கம்பி கட்டியிருக்கிறார்கள்.

வம்பு படத்தில்தான். நான் கேட்டது ஐரிஷ் ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த மூன்று மைசூர்ப் பெண்கள் ஓவியம். அக்கா மகள் கோபியில் குழந்தைகள் கிளினிக் திறக்கிறாள், ஊசி போடும் அறையில் மாட்டுவதற்கு. வந்த படத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் 'அரசவை நடன மங்கையர்' என்று பொறித்திருக்கிறது! ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், சரி. ஆனால் இவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் எடுத்துச் சொல்லி வருடக்கணக்காகிறது. வலப்பக்கம் இருப்பவர் மைசூர் ராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வாழ்க்கைப்பட்ட தேவஜம்மணி, சேலைக்குள் இருக்க வேண்டிய இடக்கையை வெளியே விட்டிருப்பது அம்மை குத்திக்கொண்ட இடத்தைக் காட்டத்தான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த ஊசிக்கு ஜனங்கள் பயந்த காலத்தில் அரண்மனையே குத்திக்கொண்டது என்று தெரியட்டும் என வரைந்தது என்கிறார்.

இடப்பக்கத்துப் பெண்ணுக்கு மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் நிறம் மாறியிருக்கும். அம்மை கடுமையாகத் தாக்காமல் இருக்க, அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றும் பழைய முறையின் தடம் அது என்பது அவர் வாதம். நம்ம கடைக்காரர் அதைத்தான் துடைத்துவிட்டார். "மொகத்துல கறையா இருந்துச்சுங்க, நாங்களே சுத்தம் பண்ணிட்டமுங்க" என்றார், பெருமையாக வேறு. கல்யாண ஆல்பம் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது போல.

எடுத்துச் சொன்னதும் முகம் கோணவில்லை. தகட்டைக் காசில்லாமல் மாற்றினார், பிரிண்ட்டுக்குப் பாதிதான் வாங்கினார். போகிறவர்கள் 'படத்தில் கை வைக்காதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தகட்டு வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கல்லாவுக்கு மேலே 'அசல் திப்பு சுல்தான்' என்று ஒரு போட்டோ விற்பனைக்குத் தொங்குகிறது. 1799 வரை நம்ம ஊரும் திப்பு ஆட்சியில் இருந்ததுதான், ஆசையாகத்தான் இருக்கும். அந்த வருசமே செத்துப்போனவரைப் போட்டோ எடுக்க அன்றைக்குக் கேமரா ஏது? அது சான்சிபாரில் அடிமை வியாபாரம் செய்த திப்பு திப். ஃப்ரேம் அழகாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.