காலர் அணிந்தவரா, சபையில் உட்கார்ந்தவரா? எபிஸ்கோப்பல் செமினரியில் யாரிடம் படிப்பது

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிற ஓர் எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்கத் திருச்சபை) செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், மூன்று ஆண்டுகளாகப் பகுதிநேரமாகப் படித்து வருகிறேன். குருப்பட்டம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. பேராயரிடம் உரிமம் வாங்கிக்கொண்டு எங்கள் சபையில் மாதம் ஒரு முறை பிரசங்கம் செய்கிறேன். அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு வழிகாட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது என் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கழுத்தில் வெள்ளைக் காலர் அணிகிற குருவானவர். பதினெட்டு ஆண்டுகள் சபை ஊழியம் செய்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவர். இன்னொருவர் குருப்பட்டம் பெறாத ஆசிரியை. புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து, பிறகு புதிய ஏற்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். இருவரிடமும் ஆளுக்கு ஒரு பருவம் பிரசங்க வகுப்பு படித்திருக்கிறேன். நான் ஆசிரியையைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆண்டு இதே இடத்தில் நிற்கப்போகிற இரண்டு தோழிகள் காரணம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். எபிஸ்கோப்பல் சபையைப் போலவே சி.எஸ்.ஐ.யும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது என்பதால், இங்கே வந்தபோது என் திடப்படுத்தலை (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கை) அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கிராமத்துக்குக் குருவானவர் மாதம் ஒரு தடவை வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். பட்டம் பெறாத ஒருவர் வேதம் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஆச்சரியமான விஷயமே இல்லை.

சரி, இரண்டு தரப்பும் எப்படி இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

குருவானவர்கள் வரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தச் சபையில் அவர்களுடைய அழைப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு உட்காரும். அதைத் தாண்டினால் பேராயர், திருமண்டலத்தின் ஊழியக் குழு. அப்புறம் மூன்று ஆண்டு எம்.டிவ். என்ற இறையியல் முதுகலைப் படிப்பு, மருத்துவமனையில் 400 மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி, பொதுத் தேர்வு. முதலில் டீக்கன் (குருவானவருக்கு முந்தைய நிலை ஊழியர்), சில மாதங்கள் கழித்துக் குருவானவர். பிறகு சபை ஊழியம். பலர் அதற்குப் பிறகுதான் முனைவர் பட்டம் முடித்து ஆசிரியராக வருகிறார்கள். டென்னசியில் உள்ள சுவானி செமினரியில் வழிபாட்டியல் கற்பித்த மேரியன் ஹாட்செட் அப்படி வந்தவர். சவுத் கரோலினா சபைகளில் ஊழியம் செய்த பிறகே பேராசிரியர் ஆனார். எபிஸ்கோப்பல் சபையின் வழிபாட்டு நூலான 1979-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரையைப் புரட்டினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பீடத்தருகே நின்ற அனுபவம் உள்ளவர் எழுதியது என்று உடனே தெரியும்.

ஆனால் கழுத்தில் வெள்ளைக் காலர் இருந்தாலே நீண்ட சபை அனுபவம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்திலிருந்து வந்து, 1972 முதல் வர்ஜீனியா செமினரியில் புதிய ஏற்பாடு கற்பித்த ரெஜினால்ட் ஃபுல்லர் குருவானவர்தான். தொடக்க ஆண்டுகளைத் தவிர அவர் வாழ்க்கை பெரும்பாலும் வகுப்பறையிலேயே கழிந்தது. அதனால் யாரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் பட்டத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார் என்று விசாரியுங்கள்.

பட்டம் பெறாதவர்களுக்கு ஒரே வழி என்று எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் எபிரெயமோ வரலாறோ படித்து நேரே வருகிறவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், இசைக்கலைஞர், நர்ஸ் என்று வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வேறு திருச்சபையைச் சேர்ந்தவர்கள்கூட இருக்கிறார்கள்.

இவர்கள் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1817-இல் தொடங்கிய நியூயார்க் ஜெனரல் செமினரி, செல்சீ பகுதியில் கிளெமென்ட் கிளார்க் மூர் கொடுத்த ஆப்பிள் தோட்டத்தில்தான் எழுந்தது. மூர் பேராயரின் மகன். ஆனால் தாம் பட்டம் பெறாதவர். 1809-லேயே எபிரெய அகராதி ஒன்றை வெளியிட்டவர், அந்தக் கல்லூரியின் தொடக்க காலப் பேராசிரியர்களில் ஒருவர். 1823-இல் வர்ஜீனியா செமினரி உருவாகப் பாடுபட்டவர்களில் அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீயும் ஒருவர். இவர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மூர், கீ இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் பட்டம் பெறாமல் செமினரிக்குள் குரல் வேண்டுமென்றால் நிலமும் செல்வமும் வேண்டியிருந்தது. உபதேசியாரோடு இவர்களை ஒரே வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

பெண்கள் விஷயத்தில் கதையே வேறு. 1976-இல் மினியாபொலிஸில் கூடிய எபிஸ்கோப்பல் சபையின் பொதுப் பேரவைதான் பெண்களுக்குக் குருப்பட்டம் தர ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பு ஓர் எபிஸ்கோப்பல் செமினரியில் பாடம் நடத்திய பெண், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குருப்பட்டம் பெறாதவராகத்தான் இருக்க முடியும். 1974 ஜூலை 29 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பதினோரு பெண்கள் சட்டத்துக்குக் காத்திராமல் குருப்பட்டம் பெற்றார்கள். அடுத்த மாதமே பேராயர்கள் கூடி அது செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தப் பதினோரு பேரில் சூசன் ஹயட், கார்ட்டர் ஹேவர்ட் இருவரையும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த எபிஸ்கோப்பல் டிவினிட்டி ஸ்கூல் 1975-இல் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டது. வகுப்பில் அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த மாணவிக்கு அவர்கள் குருவானவர்களா, இல்லையா? நான் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நிறுத்தி யோசிப்பேன். காலர் அணிந்தவர், அணியாதவர் என்று நாம் போடுகிற கோடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் எத்தனை பேருடைய வாழ்க்கைக்குக் குறுக்கே ஓடியது!

சம்பளம், வீடு, ஓய்வூதியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குருவானவர்களுக்கு 1917 முதல் ஓய்வூதிய நிதி இருக்கிறது. பட்டம் பெறாத ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் கட்டாயம் என்று பொதுப் பேரவை தீர்மானித்தது 2009-இல்தான். வீட்டுப்படிக்கு வருமான வரி விலக்கு என்பதும் காலர் பக்கம்தான். இருந்தும் காலர் இல்லாதவர்கள் வந்து கற்பிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

என் முடிவை நிர்ணயித்தது ஒன்றே ஒன்று: கேட்ட அனுபவம்.

பட்டம் பெற்ற நாளிலிருந்து குருவானவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் மேலே நிற்கிறார். கீழே உட்கார்ந்து இன்னொருவருடைய பிரசங்கத்தை முழுதாகக் கேட்கிற வாய்ப்பு அவருக்குக் குறைவு. என் ஆசிரியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழே உட்கார்ந்தவர். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றால் 1,500 பிரசங்கங்களுக்கு மேல். அதில் பாதி நாள் இரவுப் பணி முடிந்து நேரே கோயிலுக்கு வந்து, கண் எரிய எரியக் கேட்டவை. எந்த வாக்கியத்தில் மனிதருக்குக் கவனம் போகும், எந்தச் சொல்லில் மறுபடி நிமிர்வார்கள் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று பாருங்கள். ஒரு புதன்கிழமை மாலை ஆலயத்தில் யாரும் இல்லை. என்னை மேலே நிற்கச் சொல்லிவிட்டு, தாம் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கையில் என் பிரசங்கத்தின் ஒரு பிரதி, ஒரு பென்சில். நான் பேசி முடிக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு காகிதத்தைக் கொடுத்தார். ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்பது இருந்தன. “இந்த ஒன்பது இடத்தில் நான் உங்களை விட்டுப் போய்விட்டேன். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான்கு புள்ளிகள் ‘மீட்பு’ என்ற சொல் வந்த இடங்கள். என்ன மீட்பு, யாருக்கு, எதிலிருந்து என்று ஒரு தடவைகூட நான் சொல்லியிருக்கவில்லை. இரண்டு, மேற்கோள்கள். மற்ற மூன்றும் நான் அழகாக எழுதியிருப்பதாக நினைத்த வரிகள். அடுத்த வாரம் மறுபடி அதே ஆலயம், அதே தூண். புள்ளி இரண்டாகக் குறைந்தது.

குருவானவரிடம் படித்த பருவத்தில் என் பிரசங்கத்தைப் பற்றி அவர் சொன்னவை எல்லாம் சரியானவை. கட்டமைப்பு, வேதப்பகுதிக்கு உண்மையாக இருப்பது, ஜெபப்புத்தகத்தின் நாள்முறை. ஆனால் அவை சொல்லுகிறவர் இடத்திலிருந்து வந்த திருத்தங்கள். என்னைப் போலக் கேட்பவர்கள் நடுவிலேயே வாழப்போகிறவளுக்கு, கேட்பவர் இடத்திலிருந்து வருகிற திருத்தம்தான் தேவைப்பட்டது.

இந்த வகையில் என் மனதில் நிற்பவர் வெர்னா டோஸியர். வாஷிங்டன் அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்த கறுப்பினப் பெண்மணி. ஓய்வுபெற்ற பிறகு வர்ஜீனியா செமினரியில் புதிய ஏற்பாடு கற்பித்தார். 1950-களின் தொடக்கம்வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்காமல் இருந்த கல்லூரி அது. டோஸியர் கடைசிவரை குருப்பட்டம் பெறவில்லை. வேதப்பகுதியை எடுத்தால் அவர் முறையில் மூன்று கேள்விகள்: இது என்ன சொல்கிறது? ஆதிச் சபையார் இதை ஏன் பாதுகாத்து வைத்தார்கள்? இன்று எனக்கு இது என்ன? பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து எடுத்துத் தேறிய கை என்பது கேள்விகளின் எளிமையிலேயே தெரிகிறது. எங்கள் சபையில் வியாழக்கிழமை வேதபாட வகுப்பை இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் நடத்துகிறேன். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற ஒரு பாட்டி இரண்டாம் கேள்விக்குச் சொல்கிற பதில்களை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

குருவானவரிடம் மட்டுமே கிடைக்கிறது எதுவுமில்லையா? இருக்கிறது. இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருவைப் பற்றி நான் எழுதிய பிரசங்கத்தைப் படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாம் அடக்கம் செய்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். பெட்டி எவ்வளவு சிறியதாக இருந்தது, அதை எடுக்க ஒரே ஆள் போதுமானதாக இருந்தது என்று சொன்னார். “அங்கே நின்று இதை வாசிக்க உங்களால் முடியுமா? முடியாத வரிகளை எடுத்துவிடுங்கள்.” முக்கால் பக்கம் போயிற்று. அந்த அறிவுரையை வேறு யாரும் எனக்குத் தந்திருக்க முடியாது. வார்டில் எத்தனையோ மரணங்களைப் பார்த்த ஆசிரியைகூட, கல்லறையில் சபைக்காகப் பேச நின்றவர் அல்ல. அதை அவரே என்னிடம் சொன்னார்.

அதேபோல நற்கருணையை நடத்துவது, ஆசீர்வாதம் கூறுவது, பாவமன்னிப்பு அறிவிப்பது இவற்றைச் செய்துகாட்டிக் கற்பிக்க ஒரு குருவானவர்தான் வேண்டும். அப்பத்தை எந்த வார்த்தையில் கையில் எடுப்பது என்பது புத்தகத்தில் இருக்கும். நடுங்கும் கையை என்ன செய்வது என்பது இருக்காது. இந்தப் பக்கத்தில் என் அனுபவம் மெலிந்தது. நான் பீடத்தின் பின்னால் நிற்கப்போவதில்லை, அதனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்ததும் இல்லை. பட்டத்துக்குப் போகிற நண்பர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நேரம் பற்றியும் ஒன்று. குருவானவர்-ஆசிரியர்கள் பலர் ஞாயிறு அன்று ஏதாவது ஒரு சபைக்கு உதவப் போகிறார்கள். என் பருவத்தில் அடக்க ஆராதனைக்காக மூன்று முறை வகுப்பு தள்ளிப்போனது. குறையாகச் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே பருவத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய எனக்கு அதுவும் கணக்கில் வந்தது.

1979 ஜெபப்புத்தகத்தின் ஞானோபதேசம், திருச்சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்குப் பொதுமக்கள், பேராயர்கள், குருவானவர்கள், டீக்கன்கள் என்று அந்த வரிசையில் பதில் சொல்கிறது. முதல் சொல் பொதுமக்கள். அதைச் சிறுவயதில் இருந்தே நம்பி வந்தவள் நான். செமினரியில் ஆசிரியர் பட்டியலைப் பார்க்கும்போதும் அதே கண்ணோடு பார்க்கிறேன்.

தோழிகள் இருவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஒருத்தி கல்லூரி முடித்த கையோடு பட்டத்துக்குப் போகிறவள். சபை நிர்வாகக் குழுவில்கூட உட்கார்ந்ததில்லை. அவளைக் குருவானவரிடம் போகச் சொன்னேன். மற்றவள் இருபது ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, என்னைப் போலவே பட்டம் இல்லாமல் ஊழியம் செய்ய வருகிறவள். அவளிடம், பென்சிலும் இரண்டு பிரதிகளும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை மாலை ஆலயத்துக்கு வரச் சொன்னேன். தூணுக்குப் பக்கத்தில் ஆசிரியையோடு இந்த முறை நானும் உட்காருகிறேன்.