சாயத்துக்கு மணி, கிருமிக்குப் பூச்சு

நீரிலுள்ள சாயத்தையும் பற்றீரியாவையும் ஒரே கலப்புப்பொருள் நீக்கிவிடும் என்று நம்பி இறங்கினால் இரண்டிலும் அரைகுறைதான் மிஞ்சும். திருகோணமலையில் செய்து பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று, இறால் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் சிரட்டைக்கரியும் சேர்ந்த மணி. மற்றது, ஒளி பட்டால் சாயத்தையும் கிருமியையும் சிதைக்கும், கண்ணாடியில் படியவைத்த டைட்டானியம் டைஒக்சைட்டுப் பூச்சு.

மணி செய்வது சுலபம். 2 வீத அசற்றிக் அமிலம் 100 மில்லிலீற்றரில் 2 கிராம் கைட்டோசானை இரவு முழுக்கக் கலக்கிக் கரையுங்கள். மாவாக அரைத்த, செயலூட்டிய சிரட்டைக்கரி 1 கிராம் சேருங்கள். ஊசி வழியே 4 வீத கோஸ்டிக் சோடாக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, காரம் போகும்வரை கழுவுங்கள். கரைசல் தடித்துப்போனால் மணிக்கு வால் முளைக்கும்; ஊசி அடைத்தால் கரி இன்னும் அரைபட வேண்டும்.

சிக்கல் சாயத்தொட்டியில் இருக்கிறது. பருத்திக்குப் போடும் றியாக்டிவ் சாயத்தில் சோடா சேர்வதால் கழிவுநீரின் பீஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) 10, 11 என்று நிற்கும். கைட்டோசான் நேரேற்றம் பெற்று, எதிரேற்றமுள்ள அந்தச் சாயத்தை இழுப்பதோ 6.5க்குக் கீழேதான். ஆகவே அமிலம் விட்டு 5 அளவுக்கு இறக்க வேண்டும். ஆனால் அமிலம் கூடக்கூட மணியே கரையத் தொடங்கும். கைட்டோசான் இழைகளைப் பிணைக்கும் குளூட்டரல்டிகைட்டால் இறுக்கினால் கரையாது, ஆனால் சாயம் பிடிக்கும் அமீன்களில் (கைட்டோசானின் நைதரசன் கூட்டங்களில்) ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும். மெதிலீன் நீலத்தில் மட்டும் சோதித்த முடிவை இங்கே நம்பாதீர்கள். அதுவும் நேரேற்றச் சாயம். அதைப் பிடிப்பது கரிதான்.

கிருமி விடயத்தில் மணி பலவீனம். நடுநிலை நீரில் கைட்டோசான் பெரிதாகக் கொல்லாது. கரியின்மேல் பற்றீரியா படலம் கட்டும். வெள்ளி சேர்க்கலாம். ஆனால் கடலோரக் கிணற்று உவர்நீரில் குளோரைட்டு வெள்ளி அயனைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும்.

டைட்டானியப் பூச்சு 387 நனோமீற்றருக்குக் குறைந்த புறஊதாவில்தான் வேலை செய்யும். வெயிலில் புறஊதா மொத்தமே ஏறக்குறைய 5 வீதம். சாயநீர் அந்த ஒளியையும் மறித்துவிடும். நிறம் போனதால் சாயம் அழிந்தது என்றும் கொள்ள முடியாது. முதலில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, ஒட்டிப்போன அளவைக் கழித்துவிட்டே கணக்கிடுங்கள். அசோச் சாயம் (நைதரசன் இரட்டைப் பிணைப்புள்ள சாயவகை) உடைந்தால் நச்சான அரோமாற்றிக் அமீன்கள் மிஞ்சக்கூடும் என்பதால் சிஓடியும் (மிஞ்சிய சேதனப் பொருளை ஒட்சியேற்றத் தேவையான ஒட்சிசன் அளவும்) பாருங்கள். (டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த புல்மோட்டை இல்மனைட் மணல் பக்கத்தில் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், இரும்பைப் பிரிக்காமல் அது நல்ல ஒளியூக்கியாகாது.)

ஆகவே சாயக்கழிவுக்கு மணி. பூச்சைத் தெளிந்த கிணற்றுநீருக்கு வையுங்கள்: ஆழமில்லாத தட்டு, நல்ல வெயில். எஞ்சிநின்று காக்கும் மருந்து எதையும் அது விடாது. மூடிவைத்து அன்றே பாவிக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மழையில் கொதிக்கவைப்பதோ குளோரினோதான் வழி. சாயம் நீக்கிய நீர் எதுவானாலும் குடிக்க அல்ல.

நிரம்பிய மணியை நீர்த்த கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சாயம் கழன்று வரும், மணியை மறுபடி பாவிக்கலாம். கழன்ற செறிந்த சாயநீரை வாய்க்காலில் ஊற்றாமல் வெயிலில் வற்றவைத்து, கட்டியை வேறாக அகற்றுங்கள்.