டோகமாக்கா ஸ்டெல்லரேட்டரா? ஜெர்மனிக்காரங்க ரெண்டையும் வச்சிருக்காங்க

பியூஷன்னு, அதாவது லேசான அணுக்கருக்களை ஒண்ணா இணைச்சு சக்தி எடுக்குறதைப் பத்தி, நியூஸ் வந்தாலே எல்லாரும் பிளாஸ்மாவை (பயங்கரமா சூடேறி மின்னூட்டம் அடைஞ்ச வாயு) எத்தனை செகண்ட் பிடிச்சு வச்சாங்கங்கற கணக்கைத்தான் பாக்குறாங்க. அதைக் காந்தப்புலத்தால பிடிச்சு வைக்கிற ரெண்டு வகை மெஷின்தான் டோகமாக்கும் ஸ்டெல்லரேட்டரும். 2025 ஜனவரில சீனாவோட ஈஸ்ட் 1066 செகண்ட், அடுத்த மாசமே பிரான்ஸோட வெஸ்ட் 1337 செகண்ட், ரெண்டுமே டோகமாக். ஜெர்மனியோட வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் 2023ல 8 நிமிஷம் ஓட்டுச்சு, அது ஸ்டெல்லரேட்டர். அப்போ டோகமாக்தானே ஜெயிச்சுச்சுன்னா, அவசரப்படாதீங்க. எவ்ளோ நேரம் நின்னுச்சுங்கறது மட்டும் போதாது, எவ்ளோ சூடு, எவ்ளோ அடர்த்தி, சூட்டை எவ்ளோ நல்லா பிடிச்சு வச்சுச்சுன்னு எல்லாம் சேத்துதான் பாக்கணும்.

ரெண்டுலயும் பிளாஸ்மா மெதுவடை ஷேப்லதான் சுத்தும். காந்தப்புலத்தை முறுக்கி விட்டாத்தான் அது சுவர்ல போய் மோதாம நிக்கும், அந்த முறுக்கை எப்படிக் குடுக்குறோங்கறதுலதான் சண்டையே. டோகமாக்ல பிளாஸ்மாவுக்குள்ளயே கரண்ட் பாய்ச்சுறாங்க, பிரான்ஸ்ல எழும்பிட்டிருக்கிற ஈட்டர்ங்கற பெரிய டோகமாக்ல 1.5 கோடி ஆம்பியர் வரைக்கும் போகணும். இந்தக் கரண்ட் திடீர்னு பிச்சுக்கிட்டா அதுக்குப் பேரு டிஸ்ரப்ஷன், உள்ள இருக்கிற சக்தி மொத்தமும் சில மில்லி செகண்ட்ல சுவர் மேல இறங்கும், அதைத் தணிக்க உறைஞ்ச ஹைட்ரஜன், நியான் உருண்டைய உடைச்சு உள்ள சுடுறதுக்குன்னே ஈட்டர்ல தனியா ஒரு சிஸ்டம் வச்சிருக்காங்கன்னா பயம் எந்த அளவுன்னு பாத்துக்கோங்க.

ஸ்டெல்லரேட்டர்ல முறுக்கு வெளிய இருக்கிற காயில்லயே (காந்தப்புலம் தர்ற கம்பிச்சுருள்) இருக்கு. பெரிய கரண்ட் தேவையில்ல, அதனால அந்த மாதிரி டிஸ்ரப்ஷன் தலைவலியும் இல்ல, நிறுத்தாம ஓட்டலாம். ஆனா கட்டுறவன் பாடு திண்டாட்டம். வெண்டல்ஸ்டைன்ல 50 காயில் கன்னாபின்னான்னு நெளிஞ்சு வளைஞ்சு இருக்கும், கூடவே 20 தட்டைக் காயில், எல்லாமே சூப்பர்கண்டக்டர் (மின்தடையே இல்லாம கரண்ட் கடத்துறது), அசெம்பிளிக்கு மட்டும் பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல உழைப்பு. இதே வம்சத்துல அமெரிக்காவோட பிரின்ஸ்டன்ல ஆரம்பிச்ச என்சிஎஸ்எக்ஸ்ங்கற ஸ்டெல்லரேட்டர் செலவு எகிறி, 2008ல பாதிலயே கைவிட்டாங்க. சுருக்கமா, ஸ்டெல்லரேட்டர்னா கட்டும்போது அழணும், டோகமாக்னா ஓட்டும்போது அழணும்.

ஜெர்மனியோட மாக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இன்ஸ்டிட்யூட்ல ரெண்டுக்கும் ஆள் போட்டிருக்காங்க, கார்ஷிங்ல ஆஸ்டெக்ஸ் அப்கிரேடுன்னு டோகமாக், கிரைஃப்ஸ்வால்ட்ல வெண்டல்ஸ்டைன். இதை ரெட்டைச் செலவுன்னு திட்டுறவங்க உண்டு, எனக்கு அப்படித் தோணல. 1982ல எச்-மோடுங்கற, பிளாஸ்மாவோட சூடு சீக்கிரம் வெளிய கசியாம நிக்கிற நிலைய முதல்ல பாத்ததே அதே கார்ஷிங்ல இருந்த பழைய ஆஸ்டெக்ஸ்லதான், இன்னிக்கு டோகமாக் உலகமே அதை நம்பித்தான் ஓடுது.

2025 மே மாசம் வெண்டல்ஸ்டைன்காரங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு மில்லிமீட்டர் சைஸ் உறைஞ்ச ஹைட்ரஜன் உருண்டை சுமார் 90, எரிபொருளா ஒண்ணு ஒண்ணா உள்ள சுட்டுக்கிட்டே, வெளிய இருந்து மைக்ரோவேவ்ல சூடேத்தி, 43 செகண்ட் பிடிச்சாங்க. நீண்ட நேர பிளாஸ்மாவுக்கு, சூடு, அடர்த்தி, சூட்டைப் பிடிச்சு வைக்கிற நேரம்னு மூணு அளவையும் பெருக்கி வர்ற மதிப்புல இது ரெக்கார்டுன்னு அறிவிச்சாங்க. இங்க பேர் வாங்குறது காந்தம் மட்டும் இல்ல, உருண்டை சுடுற மெஷினும் மைக்ரோவேவ் தர்ற ஜைரோட்ரானும்தான்.

 

மின்நிலையம்னு வந்தா என் ஓட்டு ஸ்டெல்லரேட்டருக்குத்தான். ஆனா அதுக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு. மின்நிலையத்துக்கான எரிபொருளான டியூட்டீரியம், ட்ரிட்டியம் (ரெண்டுமே ஹைட்ரஜனோட கனமான வகைகள்) கலந்து நிஜமா எரிச்சுப் பாத்த அனுபவம் டோகமாக் பக்கம்தான், இங்கிலாந்துல இருந்த ஜெட்ங்கற டோகமாக் 2023ல 0.2 மில்லிகிராம் எரிபொருள்ல 69 மெகாஜூல் எடுத்துட்டுத்தான் ரிட்டையர் ஆச்சு. வெண்டல்ஸ்டைன்ல ட்ரிட்டியம் போடுற திட்டமே கிடையாது. லித்தியத்துல இருந்து ட்ரிட்டியத்தை உலைக்குள்ளயே விளைவிக்கிற வேலைய ரெண்டு கட்சியுமே இன்னும் ஓடுற உலைல செஞ்சு காட்டல.